உறைக்குள் கிடந்த 'நன்று'

சி.ஆர். என்ற இரண்டு எழுத்துகளைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் தில்லியின் அரசுக் குடியிருப்புகளில் குறைவு. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த தமிழர்கள் லோதி காலனியிலும் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடும்பம் நடத்திய காலத்தில், அந்த எழுத்துகளுக்கு ஜாதகத்துக்குச் சமமான மரியாதை இருந்தது. 'கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்' என்பதன் சுருக்கம்; தமிழ்நாட்டு அரசின் ஆட்சிமொழியில் மந்தண அறிக்கை. ஜாதகமாவது கையில் இருக்கும், நாலு பேரிடம் காட்டிப் பலன் கேட்கலாம். சி.ஆர். அப்படியல்ல. ஆண்டுக்கொரு முறை மேலதிகாரி எழுதுவார். அவருக்கு மேலே இருப்பவர் பார்த்துக் கையெழுத்திடுவார். பிறகு அது உறைக்குள் போய்விடும். பாதகமான குறிப்பு இருந்தால் மட்டும் ஊழியருக்குக் கடிதம் வரும். கடிதம் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று பொருள். அப்படித்தான் ஊழியர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உச்ச நீதிமன்றத்தில் உடைத்துக் காட்டியவர் எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் ஒருவர். 'தேவ் தத் எதிர் இந்திய அரசு' என்ற அந்த வழக்கில் 2008 மே 12 அன்று தீர்ப்பு வந்தது. செயற்பொறியாளராக இருந்த அவர், கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்குத் தகுதி பெற்றிருந்தார். பதவி உயர்வுக் குழு 1994 டிசம்பரில் கூடியது. கடைசி ஐந்து ஆண்டுகளுக்கும் அறிக்கையில் 'மிக நன்று' இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1993-94ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் அவருக்கு 'நன்று' மட்டுமே கிடைத்திருந்தது. அதனால் அவர் பெயர் பரிசீலனைக்கே போகவில்லை. அவருக்கு இளையவர்கள் உயர்ந்தார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், 'நன்று' என்பது பாதகமான குறிப்பல்ல. ஆகவே விதிப்படி அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியம் அரசுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை அதை வீட்டுக்கு ஓடிவந்து காட்டும். இங்கே அதே சொல் ஒருவரின் உத்தியோக வாழ்க்கையை நிறுத்திவைத்தது. நிறுத்தியது எது என்று அவருக்கே தெரியாது. குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, வழக்கு முடிவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

நீதிபதிகள் எச்.கே. சேமாவும் மார்க்கண்டேய கட்ஜுவும் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். சொல்லின் பெயர் முக்கியமல்ல, அதன் விளைவுதான் முக்கியம் என்பது அவர்கள் வாதம். 'மிக நன்று' தேவைப்படும் இடத்தில் 'நன்று' பாதகமே. ஆகவே அறிக்கையில் உள்ள எந்த மதிப்பீடாக இருந்தாலும், மோசம் முதல் மிக நன்று வரை, உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் முறையிட வாய்ப்புத் தர வேண்டும். அந்த 'நன்'றை இரண்டு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், முறையீட்டில் அது உயர்த்தப்பட்டால் பதவி உயர்வை முன்தேதியிட்டுப் பரிசீலிக்க வேண்டும் என்றும், அதுவும் கிடைத்தால் ஓய்வூதியமும் நிலுவையும் 8 சதவீத வட்டியோடு தர வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும் இது பொருந்தாது என்றார்கள்.

தீர்ப்பில் பலரும் கவனிக்காமல் விட்ட ஓர் இடம் உண்டு. ஆகச் சிறந்த மதிப்பீட்டைக்கூடச் சொல்லிவிட வேண்டும். அது ஊழியரின் மனோபலத்தைக் கூட்டி அவரை இன்னும் கடினமாக உழைக்க வைக்கும் என்கிறது தீர்ப்பு. 2013 ஏப்ரலில் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை உறுதிப்படுத்தியபோது, தெரிவிப்பதற்கான மூன்று காரணங்களில் முதலாவதாக அதையே வைத்தது. முறையிடும் உரிமையும் வெளிப்படைத்தன்மையும் அதற்குப் பிறகுதான் வந்தன.

உரிமையைப் பற்றிய பகுதியில் தகராறு இல்லை. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் மற்றது உளவியல் சார்ந்த கூற்று. மதிப்பெண்ணைச் சொன்னால் மனிதன் கூடுதலாக உழைப்பானா? அதுவும் தனியாக அல்லாமல் பத்துப் பேரோடு சேர்ந்து ஒரே வேலையைச் செய்கிறவன்?

கூட்டு வேலையின் சிக்கலுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: கூட்டத்தோடு கோவிந்தா போடுவது. ஆயிரம் குரல்கள் எழும்போது தன் குரல் எழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வாயை மட்டும் அசைத்தாலும் போதும். இதை முதலில் அளந்து பார்த்தவர் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1880களில் மாணவர்களைக் கயிறு இழுக்கவைத்து, ஒருவர் தனியாக இழுக்கும் விசையையும் சேர்ந்து இழுக்கும் விசையையும் கருவியால் அளந்தார். முடிவுகள் 1913ல் அச்சாயின. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவர் பங்கும் தனியாக இழுத்ததில் பாதிக்குக் கீழே, 49 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

கால் இடறுவதும் கை பொருந்தாததும்தான் காரணம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். 1974ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள், இழுக்கவில்லை. கயிற்றில் ஒரே ஆள்தான். கால் இடற யாரும் இல்லை. இருந்தும், மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்ற நினைப்பே அவர் பிடியைத் தளர்த்தியது. 1979ல் பிப் லதானே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் ஆகிய மூவரும் இதையே கைதட்டலிலும் கூச்சலிலும் நிரூபித்தார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவர் போட்ட சத்தமும் குறைந்தது.

அதே மூவர் 1981ல் கண்டது இன்னும் முக்கியமானது. கூட்டத்தில் நின்றாலும் ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னபோது தளர்ச்சி மறைந்துவிட்டது. தனியாக நின்றாலும் தன் சத்தம் தனியாகத் தெரியாது என்று நம்பியவர்கள் தளர்ந்தார்கள். ஆகவே கூட்டம் மட்டுமே மனிதனைச் சோம்பேறியாக்குவதில்லை. தன் பங்கு எதுவென்று தெரியாமல் போவதுதான் சோம்பேறியாக்குகிறது. அந்தப் பங்கை மேலதிகாரி அறிய வேண்டும் என்றுகூட இல்லை. ஓர் அளவுகோலைக் கொடுத்து, தான் எவ்வளவு செய்தோம் என்று தனக்கே தெரியும்படி செய்தால் போதும் என்று 1980களின் இறுதியில் ஹார்கின்ஸும் கேட் சிமான்ஸ்கியும் காட்டினார்கள். குழு மொத்தமாக எவ்வளவு செய்தது என்பதை அளவுகோலோடு ஒப்பிட முடிந்தாலும் தளர்ச்சி குறைந்தது.

இந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு தில்லியின் ஏதாவது ஓர் அமைச்சகப் பிரிவுக்குள் நுழைந்து பார்க்கலாம். பிரிவு அதிகாரி ஒருவர், உதவிப் பிரிவு அதிகாரிகள் இருவரோ மூவரோ, எழுத்தர்கள். கோப்பு கீழே பிறக்கிறது. குறிப்பு எழுதுபவர் எழுதுகிறார். பிரிவு அதிகாரி கையெழுத்திடுகிறார். சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இயக்குநர், இணைச் செயலாளர் என்று படியேறுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து. காகிதக் கோப்பு கணினிக் கோப்பாக மாறிய பிறகும் படிகள் அநேகமாக அவையேதான். கையெழுத்துகள் இருப்பதால் எல்லோர் பங்கும் தெளிவாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் ஆறு கையெழுத்துகள் உள்ள கோப்பில் முடிவு யாருடையது? பல கோப்புகளில் மேலே இருப்பவர் கீழே எழுதியதை ஒப்புக்கொள்கிறார். கீழே இருப்பவர் மேலே ஒப்புக்கொள்ளக்கூடியதை எழுதுகிறார். கயிற்றில் எல்லோர் கையும் இருக்கிறது. இழுத்தவர் யார் என்று கயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதே பிரிவை நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் பார்த்தால் வேறு இடமோ என்று சந்தேகம் வரும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒன்று வந்திருக்கிறது. அமைச்சர் மக்களவையில் நின்று பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்விகளுக்கும் குறிப்புகள் தயாராக வேண்டும். மாநிலங்களிடமிருந்து புள்ளிவிவரம் வாங்குபவர் ஒருவர், பழைய பதில்களைத் தோண்டுபவர் ஒருவர், வரைவு எழுதுபவர் ஒருவர், இந்தி மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர் ஒருவர். இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரியும். சம்பளம் அதேதான், அதிகாரி அவரேதான், நாற்காலியும் அதே நாற்காலிதான். வித்தியாசம் இரண்டே. யார் எந்தத் துண்டைச் செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். செய்தது பலித்ததா இல்லையா என்பது மறுநாள் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கியதும் தெரிந்துவிடும். அரசு ஊழியருக்கு உழைக்கத் தெரியாது என்று பேசுபவர்கள் அந்த இரவைப் பார்த்ததில்லை.

சொல்லப்படாத மதிப்பீடு இதற்கு நேர் எதிரானது. அது யாரையும் திருத்தவில்லை. திருத்துவதற்காக எழுதப்படவும் இல்லை. பதவி உயர்வுக் குழுவின் மேசையில் வரிசைப்படுத்துவதற்குப் பயன்பட்டது. உழைப்பவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே மௌனம் கிடைத்தது. 'எப்படிச் செய்தாலும் ஒன்றுதான்' என்று பிரிவுகளில் புழங்கிய வாக்கியத்துக்கு அந்த மௌனமும் ஒரு காரணம். சிலர் அதற்கு மாறாக அஞ்சினார்கள்; உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால், வேலையைக் கவனிப்பதைவிட எழுதுபவரின் முகத்தைக் கவனிப்பது பாதுகாப்பு என்று முடிவு செய்தார்கள். சோம்பலும் முகஸ்துதியும் ஒரே வேரில் முளைத்தவை.

கூட்டுக்குச் சேர்த்துக் கொடுக்கும் வெகுமதி இதற்கு மருந்தாகுமா? ரயில்வேயில் 1979-80 முதல் உற்பத்தித் திறனுடன் இணைந்த போனஸ் உண்டு. 78 நாள் சம்பளம் என்று பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது. கணக்குக்கு மாதம் 7,000 ரூபாய் உச்சவரம்பு என்பதால் ஒருவருக்கு அதிகபட்சம் 17,951 ரூபாய். தசராவுக்கு முன்னால் வரும் அந்தப் பணம் சுமார் 11 லட்சம் குடும்பங்களுக்கு எவ்வளவு தேவையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதை யாரும் குறைசொல்லத் தேவையுமில்லை. ஆனால் ஒரு தண்டவாளப் பராமரிப்பாளருக்கு அந்தத் தொகை அவர் கவனித்த பாதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. லட்சக்கணக்கானோருக்கு ஒரே எண் என்றால் அது பண்டிகைக் காசு, சேதி அல்ல.

2008 தீர்ப்புக்குப் பிறகு அரசு அசைந்தது. 2009 மே 14 அன்று பணியாளர் துறை ஆணை வெளியிட்டது. 2008-09ஆம் ஆண்டு அறிக்கை முதல், முழு அறிக்கையும் ஒட்டுமொத்த மதிப்பீடும் நேர்மை பற்றிய குறிப்பும் ஊழியருக்குக் காட்டப்பட வேண்டும். முறையிட அவருக்கு 15 நாள். பெயரிலிருந்த 'மந்தண'மும் போயிற்று; 'ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை' என்று ஆனது. வார்த்தைகளுக்குப் பதிலாக ஒன்று முதல் பத்து வரை எண்கள் வந்தன. செய்த வேலைக்கு 40 சதவீத எடை, தனிப்பட்ட குணங்களுக்கு 30, பணித்திறனுக்கு 30. எட்டு முதல் பத்து வரை என்றால் மிகச் சிறப்பு. ஆறுக்கு மேல் எட்டுக்குள் மிக நன்று. நாலுக்கு மேல் ஆறுக்குள் நன்று.

உறை திறந்தது. இனி மனிதர்கள் கூடுதலாக உழைத்திருக்க வேண்டும். நடந்தது அவ்வளவு நேரானதல்ல.

முதல் சங்கடம் மேலதிகாரிக்கு. தினமும் எதிரில் உட்காரும் ஒருவருக்கு 5.5 போட்டு, அதை அவர் பார்த்து, முறையிட்டு, அதற்கு எழுத்தில் பதிலும் சொல்ல வேண்டும். 8.5 போட்டுவிட்டால் டீ குடிக்கப் போகலாம். மிக உயர்ந்த எண்களும் மிகத் தாழ்ந்த எண்களும் அபூர்வமாகவே இருக்க வேண்டும், காரணத்தோடு இருக்க வேண்டும் என்று படிவமே சொல்கிறது. அந்த அபூர்வம் அலுவலகங்களில் சர்வ சாதாரணமானது. 2016ல் ஏழாவது சம்பளக் குழுவின் பரிந்துரையை ஏற்று, பதவி உயர்வு இல்லாதவர்களுக்குப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் கிடைக்கும் ஊதிய முன்னேற்றத்துக்கும் 'மிக நன்று' தேவை என்று அரசு நிபந்தனையை உயர்த்தியது. அதன் பிறகு 'நன்று' என்று எழுதுவது கிட்டத்தட்ட தண்டனை. தேவ் தத்துக்கு நேர்ந்ததை யாருக்கும் நேரவிடக் கூடாது என்று நல்ல மனதுள்ள அதிகாரிகள் எல்லோருக்கும் உயர்ந்த எண்ணைப் போட்டால், மறுபடி மௌனமே மிஞ்சுகிறது. முன்பு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்போது எல்லோருக்கும் ஒரே எண் தெரிகிறது.

இரண்டாவது சங்கடம் காலம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஊழியர் தன் சுயமதிப்பீட்டை ஏப்ரல் 15க்குள் தர வேண்டும். அறிக்கை எழுதும் அதிகாரிக்கு ஜூன் 30 கெடு. மறு ஆய்வு செய்பவருக்கு ஜூலை 31. ஊழியரின் கண்ணில் படுவது செப்டம்பரில். ஆக, ஓர் ஏப்ரல் மாதத்தில் செய்த வேலையைப் பற்றி அடுத்த ஆண்டு செப்டம்பரில் தெரிந்துகொள்கிறார். 17 மாத இடைவெளி. அதற்குள் எழுதிய அதிகாரி வேறு அமைச்சகத்துக்கு மாறியிருக்கலாம், ஊழியருக்குக் கோப்பே மறந்திருக்கலாம். சமைத்த குழம்பில் உப்புக் குறைவு என்பதை அடுத்த வருடப் பொங்கலுக்குச் சொல்வதுபோல.

மூன்றாவது சங்கடம்தான் ஆழமானது. மதிப்பீட்டைச் சொன்னாலே நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையே முழு உண்மையல்ல. அவ்ரஹாம் குளூகர், ஆஞ்செலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996ல், அதுவரை நடந்த சோதனைகளிலிருந்து 607 முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் மதிப்பீடு செயல்திறனைக் கூட்டியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. பாராட்டு உயர்த்தும், கண்டனம் தாழ்த்தும் என்ற எளிய கணக்கும் சரிவரவில்லை. அவர்கள் தந்த விளக்கம் இது: மதிப்பீடு ஒருவரின் கவனத்தை வேலையின் மேல் திருப்பினால் பலன் தரும், அவர்மேலேயே திருப்பினால், 'நான் எப்படிப்பட்டவன், மற்றவனைவிட மேலா கீழா' என்ற கேள்வியைக் கிளப்பினால், பலன் குறையும். பின்னால் சொன்னதில் மனம் காயத்தைத் தடவிக்கொண்டிருக்கும். கை வேலையில் இருக்காது.

தனியார் நிறுவனங்கள் இந்தப் பாடத்தைச் செலவு செய்து கற்றன. ஒரு குழுவில் இத்தனை சதவீதம் பேர் உயர்ந்தவர், இத்தனை சதவீதம் பேர் கட்டாயம் தாழ்ந்தவர் என்று வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. தில்லியைச் சுற்றியுள்ள குர்காவ்னிலும் நொய்டாவிலும் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு 'பெல் கர்வ்' என்ற பெயரில் அது நன்கு பரிச்சயம். குழுவாக வேலை செய்யச் சொல்லிவிட்டு, ஆண்டு முடிவில் குழுவுக்குள்ளேயே ஒருவரைக் கீழே தள்ளினால் யார் யாருக்குக் கை கொடுப்பார்கள்? பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தால் அவர் மதிப்பெண் ஏறும், தன்னுடையது இறங்கும். அரசின் நோய் எல்லோருக்கும் ஒரே எண் என்றால், நிறுவனத்தின் நோய் எல்லோருக்கும் இடையே சுவர். இரண்டிலும் வேலையைப் பற்றிய பேச்சு இல்லை.

சுற்றியிருப்பவர்களிடமே கேட்டுவிடலாம் என்று மத்திய அரசு செய்து பார்த்ததும் உண்டு. இணைச் செயலாளர் நிலைக்கும் அதற்கு மேலும் பெயர்களைத் தேர்வு செய்யும்போது, மேலே, கீழே, பக்கத்தில் என்று பலரிடம் ஓர் அதிகாரியைப் பற்றி விசாரிக்கும் முறை 2015 வாக்கில் வந்தது. '360 டிகிரி' என்று பெயர். யார் என்ன சொன்னார்கள் என்பது அதிகாரிக்குத் தெரியாது. 2017ல் நாடாளுமன்ற நிலைக்குழு இந்த முறை வெளிப்படையற்றது, விருப்பு வெறுப்புக்கு இடம் தருவது என்று விமர்சித்தது. தேவ் தத் வழக்கில் திறக்கப்பட்ட உறை, ஒரு மாடி மேலே வேறு வடிவத்தில் மூடப்பட்டது என்று இதைச் சொல்லலாம்.

பலன் தந்த முறையைத் தேடி தில்லியை விட்டுப் போக வேண்டியதில்லை. தில்லி மெட்ரோவின் முதல் கட்டம், சுமார் 65 கிலோமீட்டர், 2005 இறுதியில் கெடுவுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முன்னதாக முடிந்தது. அதன் நிர்வாக இயக்குநராக இருந்த இ. ஸ்ரீதரன் கொங்கண் ரயில்வே நாட்களிலிருந்தே கடைப்பிடித்த ஒரு பழக்கம், தலைகீழாக ஓடும் கடிகாரம். பணி முடிய இன்னும் எத்தனை நாள் என்று மின்பலகை காட்டும். பணியிடங்களிலும் இருந்தது, அவர் அலுவலகத்திலும் இருந்தது. தினம் ஓர் எண் குறையும். திங்கட்கிழமைதோறும் துறைத் தலைவர்கள் கூடி எது முடிந்தது, எது தங்கியது என்று பார்ப்பார்கள்.

மெட்ரோவின் வெற்றிக்கு அந்தப் பலகை மட்டும் காரணமல்ல. பணமும் தன்னதிகாரமும் ஒப்பந்தக்காரருக்குத் தாமதமில்லாமல் பட்டுவாடாவும் இருந்தன. ஆனாலும் அந்தப் பலகை என்ன செய்தது என்பதைக் கவனிக்கலாம். அது யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. யாரையும் மற்றவரோடு ஒப்பிடவும் இல்லை. வேலையைப் பற்றி மட்டும் பேசியது. பொறியாளருக்கும் கம்பி கட்டுபவருக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. 17 மாதம் கழித்து அல்லாமல் அன்றன்றைக்கே காட்டியது. ஹார்கின்ஸும் சிமான்ஸ்கியும் ஆய்வுக்கூடத்தில் கண்டதையும், குளூகரும் டெனிசியும் 607 முடிவுகளில் கண்டதையும் ஒரு பலகையில் தொங்கவிட்டதுபோல.

அமைச்சகப் பிரிவில் தூண்களும் தண்டவாளமும் இல்லை, எதை எண்ணுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணக்கூடியதை எண்ணிவிட்டு அதையே வேலை என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 2014ல் தில்லியின் மத்திய அரசு அலுவலகங்களில் ஆதாரோடு இணைந்த விரல்ரேகை வருகைப் பதிவு வந்தது. யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை வலைத்தளத்தில் ஊரே பார்க்க முடிந்தது. நாற்காலிகள் நேரத்துக்கு நிரம்பின, அது நல்லதே. ஆனால் அந்த எந்திரத்துக்குத் தெரிவது விரல் மட்டும். பத்து மணிக்கு வந்தவர் ஐந்தரை வரை என்ன செய்தார் என்பதை அது சொல்லாது. சொல்லும் என்று நம்பினால் கோவிந்தா போடுபவர்கள் இனி நேரத்துக்கு வந்து போடுவார்கள். அமைச்சகங்களுக்கே மதிப்பெண் போடும் ஏற்பாடு ஒன்றும் 2009ல் தொடங்கி, 2014ல் ஆட்சி மாறிய பிறகு கைவிடப்பட்டது. துறை வாங்கிய எண்ணுக்கும், கடைக்கோடி மேசையில் இருப்பவர் காலையில் எடுக்கும் கோப்புக்கும் இடையே பாலம் கட்டுவது எந்த ஆட்சிக்கும் கடினம்.

அந்தப் பாலம் எதனால் ஆனது என்பதற்குத் தமிழர்கள் தேர்த் திருவிழாவில் விடை பார்க்கலாம். திருவாரூர் ஆழித்தேரை இழுக்கும் வடத்தில் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கும். யார் இழுத்தார், யார் தொட்டுக்கொண்டு நடந்தார் என்று தெரியாது. ஆனால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்களைப் பற்றி அந்தச் சந்தேகம் எழாது. திருப்பத்தில் கட்டையை எந்தக் கோணத்தில் வைத்தார், சக்கரம் எவ்வளவு திரும்பியது என்பது அந்தக் கணமே அவருக்கும் தெரியும், மற்றவருக்கும் தெரியும். அதனால் அவர் கண் சக்கரத்தை விட்டு விலகாது. தடை செய்வது என்ற அர்த்தத்தில் அந்தச் சொல் இன்று கெட்டுப்போயிருக்கிறது. உண்மையில் முட்டுக்கட்டை இல்லாவிட்டால் தேர் வீதி திரும்பாது.

பிரிவிலும் அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியும். நாடாளுமன்றம் கூடும் நாட்களில் செய்வதை மற்ற நாட்களிலும் செய்வதுதான் அது: இந்தத் துண்டு உன்னுடையது, இது முடிய வேண்டிய நாள் இது, முடிந்ததும் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். கடைசி வாக்கியம்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. மேலே போன வரைவு திருத்தப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, ஏன் என்பது எழுதியவருக்குத் திரும்பி வருவதில்லை. அதைச் சொல்ல ஆணையோ படிவமோ தேவையில்லை; பிரிவு அதிகாரி மேசையருகே கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினால் போதும். இரண்டாம் பத்தியில் எண் தப்பு, மூன்றாம் பத்தியில் சொன்ன முன்னுதாரணம் பயன்பட்டது என்று சொன்னால், கேட்பவர் மனம் தன் கௌரவத்துக்குப் போகாமல் கோப்புக்குப் போகும்.

படிவத்திலும் அதற்கு ஓர் இடம் இருக்கவே செய்கிறது. எண்களுக்குப் பிறகு, அறிக்கை எழுதும் அதிகாரி ஊழியரைப் பற்றிச் சுமார் 100 சொற்களில் எழுத வேண்டிய கட்டம் அது. பலம் என்ன, குறை என்ன, வேலை எப்படி என்று. உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனியவர் என்று எல்லோருக்கும் பொருந்தும் மூன்று பெயரடைகளோடு அந்தக் கட்டம் பல அறிக்கைகளில் முடிந்துவிடுகிறது. கூட்டுக்குள் இவர் எந்தப் பகுதியைத் தூக்கினார் என்பதை எழுத அந்த 100 சொற்கள் தாராளம். 8.5க்கும் 8.7க்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஊழியருக்கு எதையும் கற்றுத் தராது. 'மாநிலங்களிடமிருந்து விவரம் பெறுவதில் தாமதத்தைப் பாதியாகக் குறைத்தார். வரைவுகளில் சுருக்கம் தேவை' என்ற ஒரு வரி, மறுநாள் காலை அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

பார்க்கும் உரிமையை நீதிமன்றம் வாங்கிக் கொடுத்துவிட்டது. பார்ப்பதற்கு அங்கே ஏதாவது இருக்கும்படி செய்வது எழுதுபவர் கையில் இருக்கிறது. அதற்கு எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது.